ஆச்சு

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
லேகிய விளம்பரத்துக்கும் பிளாட் விற்பனைக்கும் நடுவே
லோக்கல் சேனலில் ஓடியது 'பசித்த பிரபு'.
செல்லூரில் ஐந்தே நாள் தாங்கிய படம்.
ஐந்தாம் நாள்
தட்டிவண்டிக்காரர் வாடகை பாக்கிக்காக
கொட்டகை வாசலில் சண்டை போட்டார்.
படத்தைவிட அதற்குக் கூட்டம் அதிகம்.

எனக்கு அப்போது இருபது வயது.
அழகுமலையும் நானும் பெஞ்சு டிக்கெட்டு.
நாகமலை அடிவாரத்தில் ஒரு பங்களாவைப் பிடித்து
சீமை என்றார்கள்.
சீமையின் பின்னால், பாறைமேல், ஆடு மேய்ந்தது.
நடுநிசி என்று எழுத்துப் போட்டார்கள்,
பிரபுவின் நிழல் அவன் காலடியிலேயே
மத்தியானக் குட்டையாய்ச் சுருண்டு கிடந்தது.
'காட்டேரிக்கு வேர்க்குது, விசிறுங்கடா'
என்றது முன்வரிசை.

பிறகு அந்தக் காட்சி.
மழை. கதவு.
யாராவது அழைக்காமல் வாசல் தாண்ட
அவனுக்கு விதியில்லை.
திறந்தவள் அவன் ஈரத்தைப் பார்க்கிறாள்,
சீமையில் இருந்தாலும் நம் ஊர்க்காரி,
நாம் கேட்பதைக் கேட்கிறாள்:
'வாங்க. சாப்பிட்டீங்களா?'

பிரபு பேசவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
'வசனத்த மறந்துட்டான்' என்றான் அழகுமலை.
கோரைப்பல்லின் இடுக்கு வழியே
'ஆச்சு' என்ற சொல்
'ஆத்து' என்று வெளியே வந்தது.

'ஆத்துல தண்ணியே இல்லடா!'

கத்தியது நான்.
கொட்டகை முழுக்க எழுந்து சிரித்தது.
அத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னை ஒப்புக்கொண்டது
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
அந்தச் சூட்டில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கார்டு போட்டேன்:
'பிரபுவுக்கு ரத்தம் வேண்டாம், பல் டாக்டர் போதும்.'
அச்சில் வந்தது. பரிசு பத்து ரூபாய்.
முட்டைப் பரோட்டா சாப்பிட்டோம்.

நடித்தவர் பெயர் ஞானதுரை.
வேறெந்தப் போஸ்டரிலும் அந்தப் பெயரை
நான் பார்த்ததில்லை.

போன சித்திரையில் மேலமாசி வீதியில்
எனக்கு மேல்வரிசை கட்டினார்கள்.
'சர்க்கரை கம்மியா' என்று டீக்கடையில் சொல்ல
தெருமுனையில் நின்று ஒத்திகை பார்த்தேன்.
நாக்கு தன் வீட்டிலேயே வழி கேட்டது.
இப்படியொரு வாயோடு அந்த மனுஷர்
பதினான்கு ரீல் பேசியிருக்கிறார்.

இன்று எண்ணினேன். நான்கு இல்லை, ஆறு விநாடி.
எதையும் மறக்கவில்லை அவர்.
பார்வை முதலில் அவள் கழுத்துக்குப் போகிறது,
கையும் களவுமாய் அகப்பட்டதுபோல் உடனே
அடுப்புப் பக்கம் திரும்புகிறது.
சட்டியில் ஏதோ கொதிக்கிறது, பருப்பாக இருக்கலாம்.
இருநூறு வருஷமாய் யாரும் கேட்காததை
ஒருத்தி கேட்டுவிட்டாள்.
உண்மையைச் சொன்னால் அவள் செத்துப்போவாள்.
குரல்வளை ஒருமுறை ஏறி இறங்குகிறது.
அப்புறம்தான் அந்தச் சொல்,
கடன் கேட்கப் போன வீட்டில்
வெறும் வயிற்றோடு நாம் சொல்கிற சொல்.

மற்றதெல்லாம் அப்படியே மோசம்தான்.
வௌவாலின் நூல் தெரிகிறது.
சிலுவையா வேலா என்று முடிவெடுக்காமல்
இரண்டையும் காட்டி விரட்டுகிறார்கள்.
ஒரு கனவுப் பாட்டு, எவர் கனவென்று தெரியவில்லை.
ஆடு நன்றாக நடித்திருக்கிறது.
ஆனால் அந்த வெயில்,
விளக்கு வாடகைக்குக் காசில்லாமல்
பகலிலேயே எடுத்த அந்த நடுநிசி,
அதில் கண்கூசி நீர் வழிய
இமைக்காமல் நிற்கிறார்,
வெயில் பட்டால் சாம்பலாக வேண்டியவர்.

அழகுமலைக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தேன்.
திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறான்.
அது தூங்குகிற ஊர்.
பத்திரிகையும் நின்றுவிட்டது,
மறுப்புக் கார்டு போட முகவரி இல்லை.

நாலரைக்கு வாசலுக்கு வந்தேன்.
எதிர்வீட்டு ரெஜினா டீச்சர்
பால் பாக்கெட்டை எடுத்து நிமிர்ந்து
'என்ன சார் இந்நேரத்துல, காப்பி ஆச்சா?'

பல் உள்ளே டம்ளரில் கிடந்தது.
அடுப்புப் பற்றவைத்து ரெண்டு நாள்.

'ஆத்து' என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.